மூன்றாம் நம்பர் கிணறு

ஜூன் 15, 1942. திங்கள்.

இன்று காலை மூன்றாம் நம்பர் கிணற்று வேலை முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

படை மொத்தமும் லிபியாவை விட்டுக் கிழக்கே எகிப்துப் பக்கம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. ஜெர்மன்காரன் முதுகிலேயே வருகிறான். எங்கள் மதராஸ் சாப்பர் கம்பெனிக்கு உத்தரவு இதுதான்: போகிற வழியில் எதிரிக்கு உதவக்கூடியது எதுவும் மிஞ்சக் கூடாது. பாலம் கட்டவும் ரோடு போடவும் பெங்களூரில் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே வந்ததிலிருந்து உடைக்கிற வேலைதான் அதிகம். கிணறுகளுக்கு வெடி வைப்பதில்லை, அதற்கு நேரம் இல்லை. ஓடித் தேய்ந்த எஞ்சின் எண்ணெயையும் டீசலையும் கலந்து ஒரு டிரம் ஊற்றிவிட்டால் போதும் என்கிறார்கள்.

எங்கள் லாரியில் நாலு பேர். ஹவில்தார் முனிரத்தினம் எங்கள் வட ஆற்காட்டுக்காரர், திமிரிப் பக்கம். சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்று நினைக்கிற மனிதர். லாரி ஓட்டுகிற மொய்தீன் திருச்சிக்காரன். சாப்பர் இருதயராஜ் திண்டுக்கல், தூக்கத்திலும் வாய் மூடாதவன். நாலாவது ஆள் லான்ஸ் நாயக் துளசிங்கம், அதாவது நான்.

இந்த நோட்டு அவள் கேட்டது. கடிதம் எழுதினால் அதை முதலில் வெள்ளைக்காரன் பிரித்துப் படிக்கிறான். பிறகு எங்கள் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் உரக்கப் படிக்கிறார். அதில் பெண்டாட்டிக்கு என்று எதை எழுதுவது? "எனக்குன்னு ஒரு நோட்டுல எழுதி எடுத்துக்கினு வா, நானே படிச்சிக்கறேன்" என்றாள். ஐந்தாவது வரைக்கும் படித்த திமிர். பெயர் பச்சையம்மாள்.

கார்த்திகையில் கப்பலுக்குக் கிளம்பும்போது, முன்தினம்தான் சொன்னாள், மூன்று மாதம் என்று. அதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் போகாமல் இருப்பாயா என்று கேட்டாள். இப்போது ஆனி பிறந்துவிட்டது. கணக்குப் போட எனக்கும் தெரியும், போடுவதில்லை. அண்ணன் கடைசியாகப் பங்குனியில் எழுதினார். வீட்டில் அனைவரும் சௌக்கியம், ஏரியில் தண்ணீர் பாதிக்கு மேல் நிற்கிறது என்று. தம்பி பெண்டாட்டி பிள்ளை உண்டாகியிருக்கும் சேதியைப் பெரியவர் கைப்பட எழுத மாட்டார், அது எங்கள் வீட்டு மரியாதை. ஆகவே ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்ததா, இருவரும் பிழைத்துக் கிடக்கிறார்களா என்று தெரியாது.

டிரம்மோடு நான் மட்டும் கிணற்று மேடையில் ஏறும்போது பூட்ஸைக் கழற்றி வைத்ததை இருதயராஜ் லாரியிலிருந்து பார்த்துவிட்டான். எங்கள் ஊரில் காலில் செருப்போடு கிணற்று மேடை ஏற மாட்டோம். நினைத்துச் செய்யவில்லை, கை தானாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டது. சாயங்காலம் வரைக்கும் லாரியில் அதே கேலி.

ஜூன் 16. செவ்வாய்.

 

வரிசையில் எங்களுடையது கடைசி லாரி. நடுப்பகலில் ஒரு விமானம் தாழ்வாக வந்து சுட்டுக்கொண்டே போனது. நாங்கள் குதித்துத் தரையோடு படுத்தோம். அது போன கையோடு மணல்காற்று கிளம்பி உலகத்தையே மூடிவிட்டது. காற்று ஓய்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் முன்னால் ஒரு வண்டி கிடையாது. சக்கரத் தடம்கூட இல்லை. நாங்கள் வரவில்லை என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ரேடியேட்டர் சல்லடையாகிவிட்டது. அதைவிட மோசம், தண்ணீர் டின்கள். அவை மெல்லிய தகரம், நல்ல நாளிலேயே ஒழுகும். குண்டு பட்டவற்றில் இரண்டை மட்டும் ஓட்டை மேலே வரும்படி சாய்த்துப் பிடித்துக் காப்பாற்றினோம். மீதி மணலுக்குப் போய்விட்டது. அந்த ஈரத்தை மொய்தீன் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இருதயராஜ் குதித்தபோது கடப்பாரைப் பெட்டி அவன் வலது பாதத்தின் மேல் விழுந்துவிட்டது. பாதம் வீங்கி நீலம் பாய்ந்திருக்கிறது. வலியிலும் பேசுகிறான். பேசட்டும்.

ஜூன் 17. புதன்.

லாரியை விட்டு நகரக் கூடாது, நம்மைத் தேடி வண்டி வரும் என்றார் ஹவில்தார். காலையில் எல்லோரையும் சவரம் செய்துகொள்ளச் சொன்னார், தண்ணீர் இல்லாமல். வறட்டுச் சவரம் செய்து நாலு பேரும் ரத்தம் துளிர்க்க உட்கார்ந்திருந்தோம். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்திருக்கும். பார்க்கத்தான் ஆள் இல்லை.

லாரிக்கு அடியில் படுத்திருந்தோம். வேளைக்கு ஒரு மூடி தண்ணீர், அதிலும் பெட்ரோல் வாடை. இருதயராஜ் சாப்பாட்டைப் பற்றி ஆரம்பித்தான். பழைய சோறு, தயிர், அதில் நறுக்கிப்போட்ட வெங்காயம் என்று போய்க்கொண்டிருந்தான். ஹவில்தார் அதைத் தடை செய்து உத்தரவு போட்டார். பிறகு மொய்தீன் காவேரியைப் பற்றி ஆரம்பித்தான். அதற்கும் தடை.

அவர்கள் வாயால் சொன்னார்கள், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிந்து முதல் முதலாக வெளியே வரும் நாளில் நேரே கிணற்றுக்குத்தான் போவாள். மேடையைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டு, ஒரு குடம் தண்ணீர் சேந்தி எடுத்துவருவாள். அதற்கு அப்புறம்தான் அடுப்படிக்குள் நுழையலாம். தலைப்பிள்ளை என்பதால் இவள் தாய்வீட்டில் இருப்பாள். அவர்கள் வீட்டுக் கிணறு நல்ல ஆழம், கயிறு கையை அறுக்கும். யாராவது கூட நின்று இழுத்துக் கொடுப்பார்களா?

அந்த மாதிரி நாளில் நான் இங்கே ஒரு கிணற்றை என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள்? இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதியதை அடித்துவிடவும் மனம் வரவில்லை.

ஜூன் 18. வியாழன்.

யாரும் வரவில்லை.

காலையில் ஹவில்தார் வரைபடத்தை விரித்தார். கிழக்கே எவ்வளவு தூரம் போனால் நம் ஆட்கள் என்று அவருக்கும் தெரியாது. எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. கண்ணிவெடி வயலைச் சுற்றிக்கொண்டு வந்ததால், அவ்வளவு நேரம் ஓடியும் மூன்றாம் நம்பர் கிணற்றிலிருந்து நாங்கள் வெகுதூரம் வந்துவிடவில்லை. வெயில் தாழ்ந்த பிறகும் விடிந்தவுடனும் நடந்தால் எட்டிவிடலாம். அங்கே போவோம் என்றார்.

அங்கே தண்ணீர் கெட்டுக் கிடக்கிறதே என்று யாராவது கேட்க வேண்டும். ஒருவனும் கேட்கவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹவில்தார் மட்டும் உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

கூடாரத் துணியில் கயிறு கட்டி இருதயராஜை அதில் வைத்து இழுத்துப் போவது என்று முடிவாயிற்று. கட்டும்போது மொய்தீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் நல்லவன், எதையும் நேராகக் கேட்க மாட்டான். தன் ஊர்ப் பள்ளிவாசல் கிணற்றைப் பற்றிச் சொன்னான், ஒரு மனுஷனுக்கு மனசு வராது அண்ணே என்று சொன்னான், அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு இறுகவில்லை, பிடி என்றேன்.

இருதயராஜுக்குச் சந்தேகமே இல்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போனவன் எண்ணெய் ஊற்றியிருப்பானா என்பது அவன் கட்சி. நான் லாரிக்கு மறைவாக டிரம்மை மணலில் கவிழ்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று சல்யூட் அடித்துவிட்டேனாம். அதை வெளியில் சொன்னால் கோர்ட் மார்ஷல் என்பதால் வாயைத் திறக்காமல் இருக்கிறேனாம். இதை அவன் ஹவில்தார் காதில் விழாதபடி என்னிடமே ரகசியமாகச் சொன்னான். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினான்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு நினைப்பில்தான் அவர்கள் எழுந்து நின்று கயிறு கட்டினார்கள். அதை எப்படிப் பிடுங்குவது?

ஜூன் 19. வெள்ளி.

நேற்று வெயில் தாழ்ந்து கிளம்பினோம். இன்று விடிந்ததும் திரும்ப நடந்தோம். மணல் என்றால் ஆற்று மணல் மாதிரி இல்லை இங்கே. பாதி கல், பாதி புழுதி. கூடாரத் துணி கல்லில் மாட்டும் ஒவ்வொரு தடவையும் இருதயராஜ் கத்தாமல் இருக்கப் பல்லைக் கடித்தான். வெயில் ஏறியதும் ஒரு பாறை நிழலில் ஒதுங்கினோம். அங்கேதான் நடந்தது.

ஒரு டின்னில் கொஞ்சம் தண்ணீர் மீதி இருந்தது. இருதயராஜுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. இதை இப்போதே குடித்துவிடுவோம் என்றான். சாயங்காலம் கிணறு வந்துவிடும், அங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது, இந்தப் பெட்ரோல் தண்ணீரை எதற்குச் சுமக்க வேண்டும் என்றான். மொய்தீனும் டின்னின் மூடியைத் திருக ஆரம்பித்துவிட்டான். நான் ஹவில்தாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொய்தீன் கையிலிருந்து டின்னைப் பிடுங்கினேன்.

"ஊத்திட்டேன்டா" என்றேன். "மொத்தமா ஊத்திட்டேன். டிரம்மக் கவுத்துப் புடிச்சி, அடியில தட்டிட்டுதான் வந்தேன்."

கோபப்பட்டிருந்தால் தேவலை. மொய்தீன் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றார் ஹவில்தார். "நீ வந்தப்புறம் நான் போயி டார்ச் அடிச்சிப் பாத்தேன்."

அப்படியானால் எதற்காக எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று மொய்தீன் கேட்டான். அந்தக் குரலை அவனிடம் நான் கேட்டதில்லை. "வேற எங்க போறது, சொல்லு?" என்றார் ஹவில்தார். அதட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். எண்ணெய் மேலேதான் மிதக்கும், அடியில் இருப்பது தண்ணீர்தான், அதை எடுக்க வழி பார்ப்போம் என்றார்.

இருதயராஜ் அழுதான். அழுகையில் கண்ணீர் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"அப்ப எதுக்குண்ணே பூட்ஸைக் கழட்டுனீங்க?"

மொய்தீன் கையிலிருந்து மூடியை வாங்கி டின்னை மூடினேன்.

ஜூன் 20. சனி.

கிணறு வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறோம். வேறு எழுதத் தெம்பு இல்லை.

ஜூன் 21. ஞாயிறு.

நேற்றைய கதை. அது நம் ஊர்க் கிணறு மாதிரி இல்லை. பாறையைக் குடைந்த பழைய தொட்டி, மேலே வாய் குறுகல், உள்ளே ஒரு கல்யாணக் கூடம் அளவு இருக்கும். மழை பெய்தால் அதில் போய்ச் சேரும், வருஷம் முழுக்க நிற்கும். குனிந்து பார்த்தால் ஒரே கறுப்பு. நாற்றம் மூக்கில் அடித்தது. நான் செய்த வேலை, குறை சொல்ல முடியாது.

ஹவில்தார் தன் தண்ணீர் பாட்டிலில் ஒரு கல்லைக் கட்டினார். தக்கையை இறுக அடைத்து அதில் தனியாக ஒரு கயிறு கட்டினார். பாட்டிலை எண்ணெய்க்குக் கீழே ஆழத்தில் இறக்கிவிட்டுத் தக்கையைப் பிடுங்கினார். குமிழி விடுகிற சத்தம் கேட்டது. மேலே இழுத்துப் பாட்டிலின் கழுத்தைச் சட்டையால் துடைத்து, முதலில் இருதயராஜுக்குக் கொடுத்தார். அவன் குடித்தான், வாந்தி எடுத்தான், மறுபடி குடித்தான். அது நின்றது. நாங்களும் அப்படித்தான் குடித்தோம். டீசல் ஏப்பம் இன்னும் வருகிறது.

குடிக்கத் தண்ணீர் கிடைத்தாயிற்று, படுத்துக் கிடக்கலாம். காலையில் நான் என் கம்பளியில் கயிற்றைக் கட்டி உள்ளே இறக்கினேன். கம்பளி எண்ணெயை உறிஞ்சும். மேலே இழுத்துத் தூரமாகக் கொண்டுபோய்ப் பிழிந்தேன். திரும்ப இறக்கினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஹவில்தார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தார். மொய்தீன் என்னோடு இன்னும் பேசவில்லை, ஆனால் பிழிய ஆள் வேண்டும் என்று வந்து நின்றான்.

ஜூன் 22. திங்கள்.

கம்பளி பிழிந்தோம். இன்றைக்கு முழுக்க அவ்வளவுதான்.

ஜூன் 23. செவ்வாய்.

என்னை இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். சுவரில் படிந்திருந்ததை வழித்தேன். கழுத்தளவுத் தண்ணீர், ஜில்லென்று. வெளியில் நெருப்பு, உள்ளே மார்கழி. வெளிச்சம் மேலே ஒரு வட்டமாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சின்ன வயதிலிருந்து எத்தனை கிணற்றில் குதித்திருக்கிறேன். ஆனால் ஞாபகம் வந்தது அதெல்லாம் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் விளையாட்டுக்கு இவள் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன். ஈரப்புடவையோடு என்னை விரட்டிக்கொண்டு வந்தாள். அந்த ஈர மண்ணும் மஞ்சளும் கலந்த வாசனை இந்த டீசலுக்கு நடுவே எப்படி வந்ததென்று தெரியவில்லை. என்ன ஆயிற்று, ஏன் பேச்சு மூச்சு இல்லை என்று மேலேயிருந்து மொய்தீன் கத்தினான். அப்படி அவன் பேச ஆரம்பித்தான்.

பகல் உச்சிக்கு ஏறும் நேரத்தில் ஒரு அராபியரும் அவர் மனைவியும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வயதானவர்கள். அது அவர்கள் தண்ணீர் எடுக்கிற இடம், அவர்களுடைய கிணறு. எங்கள் வரைபடத்தில்தான் அது மூன்றாம் நம்பர். மொய்தீன் சலாம் சொன்னான். கிழவர் பதில் சலாம் சொன்னார். அந்தம்மா சொல்லவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள், கல்லில் படிந்திருந்த கறுப்பைப் பார்த்தாள், கடைசியில் என் கைகளைப் பார்த்தாள்.

பிறகு திட்ட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் புரியாமல் போனது ஒன்றும் இல்லை. இடுப்பில் ஒரு கை, நீட்டிய மற்றொரு கை. எங்கள் அப்பனில் ஆரம்பித்து அடுத்த தலைமுறைக்குப் போய், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். கிழவர் சமாதானம் சொல்லப் போய் அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஹவில்தார் அட்டென்ஷனில் நின்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஏழெட்டு மாதமாக என்னை ஒரு பெண் திட்டவில்லை. மேஜர் திட்டுவது வேறு. இது தப்பு செய்துவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது கிடைப்பது. நிறுத்திவிடப் போகிறாளே என்று இருந்தது. கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திட்டி முடித்ததும் அந்தம்மா எங்கள் கம்பளி ஒன்றை இழுத்துப் பிழிய ஆரம்பித்தாள். பொழுது சாயும்போது ஒரு ஆட்டை அழைத்துவந்து, சேந்திய தண்ணீரை அதன்முன் வைத்தாள். ஆடு முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது, பிறகு குனிந்து குடித்தது. மொய்தீன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். இருதயராஜுக்கு அந்தம்மா பாலும் பேரீச்சம்பழமும் கொடுத்தாள். அவன் அவளிடம் தமிழில் தன் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். அவளும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 24. புதன்.

காலையில் மேற்கே புழுதி எழும்பியது. ஜெர்மன்காரன் என்று துப்பாக்கியை எடுத்தோம். நம் கவச வண்டிகள் இரண்டு, கூட ஒரு லாரி. எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வருகிற ரோந்து. இனி பின்னால் வருவது எதிரிதானாம். தொப்ரூக் கோட்டை விழுந்துவிட்டது என்றார்கள்.

லெஃப்டினென்ட் சின்ன வயது வெள்ளைக்காரர். எங்களைப் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டார், இருதயராஜைத் தாமே தூக்கி லாரியில் ஏற்ற உதவினார். எப்படிப் பிழைத்தீர்கள் என்று கேட்டார். எங்கள் ஹவில்தாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பெருமை அடித்துக்கொள்ள ஆசை வந்தது, அது அந்த நேரத்தில் வந்தது. நெஞ்சை நிமிர்த்தி, கெட்டுக் கிடந்த கிணற்றைச் சுத்தம் செய்துவிட்டோம், இப்போது ஆடு குடிக்கும், மனிதரும் குடிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார்.

லெஃப்டினென்ட் கிணற்றை எட்டிப் பார்த்தார். சேந்தி வைத்திருந்த தண்ணீரில் ஒரு கை அள்ளிக் குடித்தும் பார்த்தார். நல்ல வேலை என்றார். பிறகு தன் லாரியில் ஒரு டிரம் கழிவு எண்ணெய் இருக்கிறது, கிளம்புவதற்கு முன்னால் அதை ஊற்றிவிடுங்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பின்னால் வருகிறவன் இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நம்மை எட்டிப் பிடிப்பான். உத்தரவில் தப்பில்லை. முதல் தடவை போட்ட உத்தரவிலும் இல்லை.

ஹவில்தாரின் முகம் எண்ணெய் படிந்த கல் மாதிரி ஆகிவிட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார். லெஃப்டினென்ட் பக்கத்திலேயே நின்றார், அவருக்குத் தமிழ் தெரியாது. ஹவில்தார் அட்டென்ஷனில், உத்தரவு போடுகிற அதே குரலில், என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"துளசிங்கம், டிரம்ம உருட்டிக்கினு நீ மட்டும் போ. இந்த வாட்டி நான் வந்து பாக்க மாட்டேன்."

உருட்டிக்கொண்டு போனேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் தரை சரிவு, லாரியிலிருந்து பார்த்தால் தெரியாது. மணலும் அங்கே ஆழம். திரும்பி வரும்போது டிரம் காலி. உருட்டுகிற சத்தத்திலேயே எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். முடிந்ததா என்றார் லெஃப்டினென்ட். முடிந்தது என்று சல்யூட் அடித்தேன். ஹவில்தாரும் அடித்தார். புறப்பட்டோம்.

அந்தம்மா சரிவுப் பக்கம்தான் ஆடுகளோடு நின்றிருந்தாள். நான் செய்தது முழுக்க அவள் கண்ணுக்கு முன்னால்தான். திட்டவில்லை.

ஜூலை 9. வியாழன். அலமெய்ன், எகிப்து.

இங்கே தூரத்தில் பீரங்கிச் சத்தம், கிட்டத்தில் ஈ. கண்ணிவெடி புதைக்கிற வேலை. வேண்டிய மட்டும் தண்ணீர் கிடைக்கிறது, குளிக்கக்கூடக் கொடுத்தார்கள். இருதயராஜ் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். காலை எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லியனுப்பினான். அங்கே அவன் வாய்க்கு யாரும் தடை போடவில்லையாம்.

தபால் இரண்டு தடவை வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. மொய்தீனுக்கு வந்தது. ஹவில்தாருக்கும் ஒன்று வந்தது, படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். போகிற போக்கில் என் பக்கத்தில் நின்று, ஊர்ப் பக்கம் மழை நல்ல மழையாம் என்றார். அவருக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

பச்சையம்மா, இதுவரை உன்னை ‘அவள்’ என்றே எழுதிவந்தேன். இந்த நோட்டு வேறு யார் கையிலாவது சிக்கினால் என்ன நினைப்பார்கள் என்கிற வெட்கம். இப்போது அதெல்லாம் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? பிள்ளை ஆணா, பெண்ணா? யார் ஜாடை? கிணற்றுக்குப் போய்வந்தாயா? கயிறு இழுக்க யார் கூட நின்றார்கள்? உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. உன் குரலை, அது திட்டுகிற குரலாக இருந்தாலும், கேட்க வேண்டும் என்று இருக்கிறது. இதற்கு மேல் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய் ஊற்றப்படாமல் இருந்தால் அந்தத் தண்ணீரை ஜெர்மன்காரன் குடித்திருப்பான். குடித்துவிட்டு வந்து எங்கள் ஆட்களில் யாரையாவது சுட்டிருப்பான். அதை நினைக்காத நாள் இல்லை. அந்த அம்மாவின் ஆடுகளை நினைக்காத நாளும் இல்லை. யாரிடமும் பேச முடியாது. ஹவில்தாரிடம்கூட முடியாது, ஒருவரை ஒருவர் பார்த்தால் வேறு பேச்சு எடுக்கிறோம். நான் செய்தது சரியா தப்பா என்று கேட்கிற தைரியம் எனக்கு உன்னிடம் மட்டும்தான்.

ஆகவே அந்தச் சரிவில் என்ன நடந்தது என்று இதில் எழுதவில்லை. வாயால்தான் சொல்லுவேன், நீ ஒருத்திதான் கேட்க வேண்டும். அதற்காகவாவது நான் ஊர் வந்து சேர வேண்டும்.